அப்பா வீட்டில் இல்லை

கேள்வி: டெக்ஸாஸில் ஃபிரிஸ்கோ நகரில் இரண்டு வருடங்களுக்கு முன் வீடு வாங்கினோம். தேக்குப் பலகையில் ஓட்டு வீடு போல ஒரு தபால் பெட்டி செய்து வாசலில் வைத்தேன். எங்கள் குடியிருப்புச் சங்கம் அதை எடுத்துவிட்டுக் கறுப்பு இரும்புப் பெட்டி வைக்கச் சொல்கிறது, அபராதம் என்கிறது. சங்கக் கமிட்டியில் இருக்கும் பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு முறை வந்தார். ‘அப்பா வீட்டில் இல்லை’ என்று ஒன்பது வயது மகனைச் சொல்லச் சொன்னேன். என் வாசலில் எனக்கு உரிமை இல்லையா? வீட்டையே பறித்துவிடுவார்களா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் பலகைக்கும் ஓட்டுக்குமே ஒரு பக்கம் போய்விட்டது (இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன்). பையனுக்கு ஒரே வரி. என் கண் அங்கேதான் நின்றது.

முதல் முறை பதற்றத்தில் சொல்லிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை மணி அடித்தபோது, நீங்கள் சொல்வதற்கு முன்பே அவன் ஓடிப்போய்ச் சொன்னானா? நினைத்துப் பாருங்கள். அப்பா மாடிப்படியில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். தினமும் தனக்குக் கையசைக்கும் ஒரு வயதான அம்மாளின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை பொய் சொல்கிறான். வாசலுக்கு வருவது கடனோ சண்டையோ, முதலில் எழுந்து போக வேண்டியவர் வீட்டுப் பெரியவர். அந்த வேலையைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டு என்னிடம் உரிமை கேட்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

உரிமைக்கு வருகிறேன். சங்க விதிகள் அந்த வீட்டோடு சேர்ந்தே உங்களுக்கு வந்தவை. அமெரிக்கத் தபால் துறைக்கும் ஒரு கணக்கு உண்டு. பெட்டி சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்தில், சாலை விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். தபால்காரர் வண்டியில் இருந்தபடியே கையை நீட்டிப் போடுகிறார். சொந்தமாகச் செய்த பெட்டியை உள்ளூர் போஸ்ட்மாஸ்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்கினீர்களா?

டெக்ஸாஸ் சட்டப்படி, சங்கம் அபராதம் போடுவதற்கு முன் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது தபாலில் சேர்க்கப்பட்ட 30 நாட்களுக்குள் நீங்கள் எழுதிக் கேட்டால் விசாரணை உண்டு. வெறும் அபராதப் பாக்கிக்காக வீட்டை ஏலம் விட முடியாது. அந்தப் பயத்தை விடுங்கள். அறிவிப்பு அனுப்பப்பட்ட தேதியை மட்டும் இன்றே பாருங்கள்.

சனிக்கிழமை பையனையும் அழைத்துக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போங்கள். ‘அன்று நான் வீட்டில்தான் இருந்தேன்; இவனைப் பொய் சொல்ல வைத்தது நான்’ என்று அவன் காதுபடச் சொல்லுங்கள். எந்தப் பெட்டி வைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். புதுப் பெட்டி நடும்போது அளவு நாடாவின் ஒரு முனையை அவன் பிடிக்கட்டும். ஓட்டு வீட்டை அவன் அறையில் வையுங்கள், அவன் பொம்மைகளுக்கு ஆகும்.