மகளுக்கென்று சேர்த்த பணத்தைத் தொடலாமா?

கேள்வி: பலகாரத் தொழிலுக்காக இரண்டு வட்டிக்கு ரூ.2 லட்சம் கடன் வாங்கினேன். மாதம் 4,000 ரூபாய் வட்டி மட்டும் கட்டுகிறேன். அசல் அப்படியே நிற்கிறது. ஏழு வயது மகளுக்காக அஞ்சலகத்தில் என் பேரில் மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி. போட்டு 40 மாதம் ஆகிறது. அதை எடுத்துக் கடனை அடைக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். "சேர்த்ததைக் கலைக்காதே, நாளைக்கு ஓர் அவசரம் என்றால் யாரிடம் போய் நிற்பாய்?" என்கிறார் அத்தை. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: எடுத்து அடையுங்கள். ஆனால் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்காதீர்கள்.

பெண் பிறந்ததுமே பாத்திரமும் பட்டும் சேர்க்கத் தொடங்குகிற ஊர் உங்களுடையது. மகள் பணத்தில் கைவைக்க மனம் வராதது எனக்குப் புரிகிறது. ஆனால் மாதாமாதம் வட்டியாகப் போகும் 4,000 ரூபாயும் அவளுக்குச் சேர வேண்டிய பணம்தானே? பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்த செட்டிநாட்டுக்காரர்கள் வர வேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும் ஐந்தொகை என்கிற ஒரே இருப்புக் கணக்கில் எழுதித்தான் நிலவரம் பார்த்தார்கள். நீங்கள் சேமிப்பைத் தனியாகவும் கடனைத் தனியாகவும் பார்க்கிறீர்கள். அதனால்தான் நட்டம் கண்ணில் படவில்லை.

இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். உங்கள் ஆர்.டி.க்குக் கிடைப்பது ஏழு சதவீதம்கூட இல்லை. ஐந்து வருட ஆர்.டி. முடிய இன்னும் 20 மாதம். அதுவரை பொறுத்தால் வட்டி மட்டுமே 80,000 ரூபாய் போய்விடும், அசலில் ஒரு ரூபாய் குறையாது. மூன்று வருடம் கடந்துவிட்டதால் ஆர்.டி.யை இப்போதே முடிக்கலாம். முன்கூட்டியே முடித்தால் சேமிப்புக் கணக்கின் வட்டியான 4 சதவீதம்தான் தருவார்கள். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் குறையும். சரி, குறையட்டும். அது உங்கள் மூன்று மாத வட்டிக்குள் அடங்கிவிடுகிற தொகை.

கைக்கு 2,10,000 ரூபாய்க்கு மேல் வரும். அதில் 1,80,000 ரூபாயைக் கடனுக்குக் கொடுங்கள். மீதியை வங்கியில் போட்டுத் தொடாமல் வையுங்கள். அத்தை பயப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது: கையில் ஒன்றுமில்லாத மாதத்தில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அதே இரண்டு வட்டிக்குத்தான் திரும்பப் போவீர்கள். மிச்சக் கடன் 20,000. இதுவரை வட்டிக்கும் ஆர்.டி.க்கும் கட்டிய 9,000 ரூபாயை அப்படியே அதில் கட்டினால் மூன்றாவது மாதம் கடன் தீர்ந்துவிடும்.

அப்புறம் அந்த 9,000 ரூபாயில் மகள் பேரிலேயே செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். ஆர்.டி.யைவிட அதற்கு வட்டி கூடுதல். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

பணத்தை எடுப்பதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசிவிடுங்கள். மொத்தமாகத் தந்தால்தான் அசலை வாங்குவேன் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் அந்த 20,000 ரூபாயைச் சொந்தத்தில் வட்டியில்லாக் கைமாற்றாகக் கேட்டுப் பாருங்கள். பகுதித் தொகையை வாங்கிக்கொண்டால், புரோநோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். கடைசித் தவணை கொடுக்கும் அன்று புரோநோட்டையும், தொகை நிரப்பாத காசோலை கொடுத்திருந்தால் அதையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.