ஜப்பானின் பற்றாக்குறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணிகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஜெர்மனி, ஜப்பான் இரண்டின் சரக்கு வணிகச் சமநிலையையும் (ஏற்றுமதியில் இறக்குமதியைக் கழித்தால் வருவது) 1981 முதல் ஒரே தாளில் வரைந்து பார்த்தேன். 2010 வரை இரண்டுமே உபரியில்தான் இருக்கின்றன. பிறகு ஜெர்மனி மேலேயே நிற்கிறது, ஜப்பான் பற்றாக்குறைக்குள் விழுகிறது. ஜப்பான் தொழிலில் தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு மாணவன், திருச்சி

அன்புள்ள தம்பி,

அந்த முடிவுக்குப் போகாதீர்கள். கோடு எந்த ஆண்டில் விழுகிறது என்று பாருங்கள்: 2011. அந்த மார்ச்சில்தான் நிலநடுக்கமும் சுனாமியும் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைச் சிதைத்தன. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ கால்பங்கைத் தந்தவை அணு உலைகள். 2012 மே மாதத்துக்குள் ஒன்றுவிடாமல் எல்லாம் நின்றுபோயின. வீட்டுக்கும் ஆலைக்கும் மின்சாரம் வேண்டுமே! திரவ எரிவாயுவைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். 31 ஆண்டுகளில் முதல் பற்றாக்குறை, 2011இல் சுமார் 2.5 லட்சம் கோடி யென், இப்படித்தான் வந்தது.

2022இல் உக்ரைன் போரால் எரிபொருள் விலை ஏறியது. யெனின் மதிப்பும் சரிந்தது: டாலருக்கு 115 யென் என்றிருந்தது அக்டோபரில் 150ஐத் தொட்டது; இறக்குமதிக்குக் கூடுதல் யென் கொடுக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் பற்றாக்குறை சுமார் 20 லட்சம் கோடி யென். அதே ஆண்டு ஜெர்மனியின் உபரியும் பாதிக்கும் கீழே, சுமார் 8,000 கோடி யூரோவுக்கு இறங்கியது. அடி இருவருக்கும் விழுந்தது. ஜெர்மனி உயரத்தில் நின்றதால் பற்றாக்குறைவரை போகவில்லை.

ஜெர்மனிக்கு அந்த உயரம் எப்படி வந்தது, ஜப்பானுக்கு ஏன் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டாலரின் மதிப்பைக் குறைக்க அமெரிக்காவும் ஜப்பானும் வேறு சில நாடுகளும் செய்த 1985 பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு இரண்டே ஆண்டுகளில் யெனின் மதிப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்பது கட்டுப்படியாகவில்லை. ஹோண்டா 1982இலேயே ஒஹாயோவில் கார் செய்யத் தொடங்கியிருந்தது; டொயோட்டா 1988இல் கென்டக்கிக்குப் போனது. கென்டக்கியில் செய்த கார் அமெரிக்காவில் விற்றால் அது ஜப்பானின் ஏற்றுமதிக் கணக்கில் ஏறாது. ஜெர்மனிக்கு 1999இல் யூரோ வந்தது. எவ்வளவு விற்றாலும் அதன் பழைய நாணயமான மார்க் போல, பல நாடுகளுக்குப் பொதுவான யூரோ அதற்காகத் தனியே ஏறவில்லை. ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே விற்கிறது. 2000களில் அங்கே தொழிலாளர் கூலியும் பெரிதாக உயரவில்லை. ஆகவே அந்த உபரியை முழுக்கத் திறமைக்கான பரிசாகப் பார்க்க என்னால் முடியவில்லை. அதன் ஒரு பங்கை அந்தத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் வரைபடத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். சுங்கக் கணக்கில் ஜப்பானின் இறக்குமதி, கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த விலையில் இருக்கும். ஏற்றுமதி, துறைமுகத்தில் ஏற்றும் விலையில் இருக்கும். அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் (ஒரு நாட்டுக்கும் பிற நாடுகளுக்கும் இடையிலான எல்லா வரவு செலவுக் கணக்கு) இரண்டுமே ஏற்றும் துறைமுக விலைதான். ஒரு நாட்டுக்கு ஒரு கணக்கு, மற்றதற்கு வேறு கணக்கு என்று எடுத்திருந்தால் ஒப்பீடு பிழையாகும். யென்னையும் யூரோவையும் விட்டுவிட்டு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை விழுக்காடு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்றாவதாக ஒரு கோடு போடுங்கள்: ஜப்பானின் முதல்நிலை வருமானம். வெளிநாட்டு ஆலைகளின் இலாபம், பத்திரங்களின் வட்டி எல்லாம் அதில் வரும். 2022இல் அது சுமார் 35 லட்சம் கோடி யென். அதனால்தான் சரக்கில் அத்தனை பெரிய பள்ளம் விழுந்த ஆண்டிலும் நடப்புக் கணக்கு (சரக்கு, சேவை, இத்தகைய வருமானம் எல்லாம் சேர்ந்த நாட்டின் வரவு செலவு) உபரியில் இருந்தது. வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள்.