பக்கவாதத்துக்கு சாதாரண சிடி எடுத்த பிறகும் 'பெர்ஃப்யூஷன் சிடி' கேட்கிறார்களே, பணம் பறிக்கவா?

உங்கள் வீட்டில் யாருக்கோ வந்திருக்கிறது, பில்லைப் பார்த்த கோபத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, சிடி டெக்னீஷியன். "கமிஷனுக்குத்தானே எடுக்கிறீங்க" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் நிறைய பேர். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு விடிகாலை ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். ராத்திரி நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர், காலையில் வலது கை கால் விழுந்து, பேச்சில்லாமல் கிடந்திருக்கிறார். தூக்கத்தில் எப்போது அடைத்தது என்று யாருக்கும் தெரியாது. சாதாரண சிடியில் ரத்தக்கசிவு இல்லை. ஆஞ்சியோவில், அதாவது சாயம் ஏற்றி மூளையின் ரத்தக் குழாய்களைப் பார்க்கும் சிடியில், இடது பக்கம் பெரிய குழாயில் அடைப்பு. அதை எடுத்தால் பிழைக்க மூளையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? இந்தக் கேள்விக்குத்தான் பெர்ஃப்யூஷன்.

கையில் பெரிய ஊசி போட்டு, சாயத்தை வேகமாக ஏற்றி, ஒரு நிமிஷம் போல மூளையைத் திரும்பத் திரும்பப் படம் எடுப்போம். ரத்த ஓட்டம் இயல்பானதில் 30 சதவீதத்துக்குக் கீழே போன இடம் செத்துவிட்டதாகக் கணக்கு. சாயம் 6 நொடிக்கு மேல் தாமதமாகும் இடம் ஆபத்தில் இருப்பது. அவருக்குச் செத்தது சின்னது, காப்பாற்றக்கூடியது பெரியது. உடனே தொடை வழியாக வயர் விட்டு அடைத்திருந்த ரத்தக் கட்டியை எடுத்தார்கள். வார்டில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது என்று நர்ஸ் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முன்பெல்லாம் 6 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் கைவிரிப்புதான். டான் ஆய்வு 24 மணி நேரம் வரைக்கும், 2018-ல் வந்த டிஃப்யூஸ் 3 ஆய்வு 16 மணி நேரம் வரைக்கும், இப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பலன் உண்டு என்று காட்டின.

எல்லாருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் பொதுவாக இதற்குக் காத்திராமலே ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து போடுவார்கள். தலை அசைந்தால் படமும் ஏமாற்றும். அதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன்.

அப்புறம் ஒன்று. அந்தப் பெரியவரின் விரல் நுனிகளில் ஊசி குத்திய காயம். ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று வாட்ஸப்பில் வந்ததாம். 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரத்தில் குத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த ஃபார்வர்ட் உங்கள் போனில் இருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.