பரிசுத்தம் என்றால் கம்மலைக் கழற்றுவதா?

"கிறிஸ்தவர்கள் சொல்லும் பரிசுத்தம் உண்மையில் என்ன? நகை அணியாமல் வெள்ளை உடுத்துவதுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தால், சம்பந்தம் பேச வந்த வீட்டார் ஏதோ நிபந்தனை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் உங்களுக்கு ஒரு அக்காவாக நான் சொல்லும் பதில்: இல்லை, அது மட்டும் பரிசுத்தம் ஆகாது.

வேதத்தில் பரிசுத்தம் முதலில் கடவுளுக்கு உரியது. முட்செடி எரிந்த இடத்தில் மோசே செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. அது வெறும் வனாந்தர மண். கடவுள் அங்கே வந்ததால் பரிசுத்த பூமி ஆயிற்று. மனிதர்கள் கதையும் அதுவே. கொரிந்து ஊரின் ஆதிக் கிறிஸ்தவ சபையில் கட்சி கட்டிச் சண்டை, ஒருவர்மேல் ஒருவர் வழக்கு, இயேசுவை நினைத்து ஒன்றாகச் சாப்பிடும் கர்த்தருடைய பந்தியில்கூட ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். அவர்களைத்தான் 'பரிசுத்தவான்களாகும்படி அழைக்கப்பட்டவர்கள்' என்று அப்போஸ்தலர் பவுல் தம் கடிதத்தில் எழுதுகிறார். கண்டிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கடவுள் தமக்கென்று நம்மைச் சேர்த்துக்கொள்கிறார். அதற்கு ஏற்றபடி நடப்பது நம் பொறுப்பு.

எப்படி நடப்பது என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

என் அம்மா திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றி எங்களை வளர்த்தவர். ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, விளக்கு வைத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருப்பார். நூல் இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் கோடு விழுந்திருக்கும். மறுநாள் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், முனை சரியில்லை, இலை கிழிசல் என்று சில கட்டுகளைக் கழித்துவிடுவார்கள். கழித்த கட்டுக்குக் கூலி கிடையாது. ஆனால் அந்தக் கட்டைத் திருப்பியும் தரமாட்டார்கள்.

அப்பா இறந்த பிறகு அம்மா ஆறுதல் தேடி ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே ஞானஸ்நானத்துக்கு முன் நகையைக் கழற்ற வேண்டும் என்பது சட்டம். அம்மாவிடம் இருந்ததோ ஒரு ஜோடிக் கம்மல், அப்பா எடுத்துக் கொடுத்தது. "சகோதரி, பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லை என்று வசனம் இருக்கிறதே" என்றார் பாஸ்டர். முன்வரிசையில், வெள்ளை வேட்டி சட்டையில், மோதிரம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? அதே பீடிக்கடைக்காரர்.

அம்மா அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். "ஐயா, கம்மலை இப்போதே கழற்றித் தருகிறேன். அந்த அண்ணாச்சி எனக்குக் கழித்த கட்டுகளுக்குக் கூலி தரச் சொல்வீர்களா?" என்றார். பாஸ்டர் சொன்ன பதில் இன்றுவரை என் காதில் இருக்கிறது: "அது உலகக் காரியம் அம்மா, இது ஆவிக்குரிய காரியம்."

வேதத்தில் அப்படி ஒரு பிரிவினையை நான் பார்த்ததில்லை. 'நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்' என்ற கட்டளை லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வருகிறது. தொடர்ந்து வாசியுங்கள். வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் ஏழைக்கு விட்டுவிடு. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது. குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே. அந்நியனை உன்னைப்போல் நேசி. தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும். பரிசுத்தம் என்று கடவுளே விரித்துச் சொன்னதில் கூலியும் தராசும் இருக்கின்றன. பாஸ்டர் சொன்ன எபிரெயர் 12:14 வசனத்துக்கும் ஒரு முன்பாதி உண்டு: யாவரோடும் சமாதானமாயிருக்க நாடுங்கள் என்பது. அதை அவர் சொல்லவே இல்லை.

நகையைக் கழற்றியவர்களை நான் பழிப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பெண்களுக்கு அலங்காரம் பொன்னாபரணம் அல்ல, உள்ளத்தின் குணமே என்று சொல்லும் 1 பேதுரு 3ஆம் அதிகாரம் எனக்கும் தெரியும். என் அத்தை, நகை அணியாத பெந்தெகொஸ்தே சபைதான். தன் வளையல்களை விற்று அடுத்த வீட்டுப் பெண்ணின் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டியவர். அவரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும். நான் சொல்வது, அடுத்தவன் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு கம்மலைக் கணக்கெடுப்பவர்களைப் பற்றி.

எங்கள் சபைகள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. தீட்டு என்று ஊர் ஒதுக்கிய குஷ்டரோகியை இயேசு கை நீட்டித் தொட்டார். அவர் பெயரில் கட்டிய வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதி பிரித்த சுவர் இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள். 1745இல் அதே ஊரில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் பிள்ளை, சாதி பாராமல் எல்லோரோடும் பழகியவர், 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்தச் சுவரையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரிசுத்தம் எந்தப் பக்கம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

    

அம்மா அந்த ஞானஸ்நானத்தை வாங்கவில்லை. கம்மல் காதிலேயே இருந்தது. உங்கள் வீட்டு விஷயத்தில் கழற்றுவதும் கழற்றாததும் உங்கள் விருப்பம், உங்களுக்கும் கடவுளுக்கும் இடையிலானது. கேட்கிறவர்கள் வேலைக்காரர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். லேவியராகமம் பழைய ஏற்பாடு, அதே அதிகாரத்தில் இரண்டு வகை நூல் கலந்த உடையும் கூடாது என்றிருக்கிறதே என்று யாராவது வாதாடினால், புதிய ஏற்பாட்டிலிருந்தே யாக்கோபு 5:4ஐ எடுத்துக் காட்டுங்கள். வயலை அறுத்த வேலைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிக்கு எட்டியிருக்கிறது என்று அங்கே எழுதியிருக்கிறது.