நாய்க்கும் விலாசம் உண்டு

(தெருநாய்க் கருத்தடைப் பணி பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ஓய்வுபெற்ற தபால்காரரும் பதினோரு வருடமாக இந்தப் பணியில் இருப்பவருமான வேளச்சேரி வாசகர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

என் மகளுக்கு வயது 20. தெருநாய்க் கருத்தடைக்கு உதவப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள். கடித்துவிட்டால்?
– வாசகி, திருச்சி

கடிக்கும்மா. மறைக்க மாட்டேன். தபால் பையோடு அலைந்த காலத்தில் என்னை இரண்டு முறை கடித்திருக்கிறது. இந்த வேலைக்கு வந்தபின் ஒரு முறை. அது என் தப்புதான், மயக்கம் தெளிந்துகொண்டிருந்த நாயின் வாய்ப்பக்கம் கையை நீட்டினேன்.

மகள் நாய் பிடிக்கும் வலையைத் தொடும் முன் ஊசி போட வையுங்கள். கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இருக்கிறது: முதல் ஊசி, அதிலிருந்து 7-ம் நாள் ஒன்று, 21 அல்லது 28-ம் நாள் ஒன்று. அப்புறமும் கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

மற்றபடி, நாயைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கிற வேலை இல்லை இது. முதல் மூன்று மாதம் நான் நாயைத் தொட்டதைவிடப் பினாயிலைத் தொட்டதுதான் அதிகம். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நாயின் வயிறு காலியாக இருக்கணும். அதற்காக வீடு வீடாகப் போய் "இன்னைக்கு மட்டும் சோறு வைக்காதீங்க" என்று கெஞ்சணும். ஒரு பாட்டி சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மனசு கேட்காமல் பின்வாசலில் தயிர்சாதம் வைத்துவிட்டார். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று டாக்டர் அந்த நாயைத் தொடவே இல்லை. அன்றைய வண்டி வாடகை வீண்.

ஆபரேஷன் செய்த நாய்களை மறுபடி எங்கள் தெருவிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். ஊருக்கு வெளியே விட்டால் என்ன?
– வாசகர், தாம்பரம்

ரொம்பப் பேர் என்னோடு சண்டைக்கு வருவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். பிடித்த இடத்திலேயே விடணும் என்பது 2023-ல் வந்த மத்திய அரசு விதி. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வெறி பிடித்தது, மூர்க்கமானது மட்டும் விலக்கு. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலைய வளாகங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றும் உத்தரவு வந்தது.

சட்டம் கிடக்கட்டும், நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து அடுக்குமாடியில் ஆறு நாய்களை ஆள் வைத்துப் பிடித்து எங்கேயோ கொண்டுபோய் விட்டார்கள். எல்லாமே காது நுனி வெட்டிய, அதாவது கருத்தடை முடிந்த நாய்கள். குப்பைத்தொட்டியும் கறிக்கடையும் அங்கேயேதானே இருக்கிறது? இரண்டு மாதத்தில் புதுசாக ஏழு வந்து சேர்ந்தன. ஒன்றுக்கும் காது வெட்டு இல்லை. இரண்டு பெட்டைகள் சினை வேறு. பழைய ஆறும் காவல்காரரை அடையாளம் தெரிந்து வாலாட்டியவை. புதுசுகள் அவரையே துரத்தின.

சென்னையில் பல காலம் நாயைப் பிடித்துக் கொன்று பார்த்தார்கள், தீரவில்லை. ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே கருத்தடை வழியைச் சொன்னது. மாநகராட்சி ஏற்றுக்கொள்ள 1996 ஆனது. நம் ஊரில் தபால்தான் தாமதம் என்பார்கள்!

அதனால் என் நோட்டில் ஒவ்வொரு நாய்க்கும் தெரு, கதவு எண், அடையாளம் எழுதிவைப்பேன். விலாசம் மாற்றிக் கொடுத்தால் அன்றைக்கு எனக்கு மெமோ வரும். இன்றைக்கு நாய்தான் அடிபடும், அந்தத் தெரு நாய்கள் உள்ளே விடாது.

எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு நாய் குட்டி போட்டு இருபது நாள் ஆகிறது. இப்போதே தாயைப் பிடித்துக் கொடுக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

வேண்டாம். குட்டிகள் பால் மறக்கட்டும். ஆனால் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். சினைக்காலம் இரண்டு மாதம்தான், அசந்தால் அடுத்த ஈடு வந்துவிடும். குட்டிகளுக்கு ஆறு மாதம் ஆன பிறகுதான் ஆபரேஷன்.

தினமும் பத்து நாய்க்குச் சோறு போடுகிறேன். அக்கம்பக்கத்தார் திட்டுகிறார்கள். நான் செய்வது தப்பா?
– வாசகர், சேலம்

சோறு தப்பில்லை. பத்தில் எத்தனைக்குக் காது வெட்டியிருக்கிறது? ஒன்றுமே இல்லை என்றால் அக்கம்பக்கத்தார் பக்கம்தான் நான். உங்கள் கைக்கு வருகிற நாயை வலையே இல்லாமல் பிடிக்கலாம்; எங்களுக்கு அரை நாள் வேலை மிச்சம். வெறிநாய் ஊசியை வருடா வருடம் போடவும் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருங்கள், திட்டு தானாகக் குறையும்.

இத்தனை நாய்களுக்கும் பெயர் வைப்பீர்களா?
– பள்ளி மாணவி, மதுரை

விலாசம்தான் பெயர், கண்ணு. பால் பூத்தில் படுப்பது 'ஆவின்'. டிரான்ஸ்பார்மர் அடியில் இருப்பது 'கரண்ட் ஆபீஸ்'. போன வாரம் 'கரண்ட் ஆபீஸை' ஆபரேஷன் முடித்து இறக்கிவிட்டபோது எதிர்வீட்டு அம்மா வாசலுக்கே வந்து, "ஏங்க, நாலு நாளா எங்கே கூட்டிட்டுப் போனீங்க? ராத்திரி தூக்கமே வரலை" என்றார். நாயைத் தொலைக்கச் சொல்லி என்னிடம் மனு கொடுத்தவரே அவர்தான்.