சோம்புத் தட்டுக்கு அடியில் பத்து ரூபாய்

கேள்வி: போன மாதம் குடும்பத்தோடு கொச்சிக்குப் போயிருந்தோம். ஒரு பெரிய ஏ.சி. ஓட்டலில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டது 2,400 ரூபாய்க்கு. பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கு மேல் ஜி.எஸ்.டி., எல்லாம் சேர்த்து 2,772 ரூபாய். கட்டினேன். சப்ளையர் பக்கத்திலேயே நின்றதால் சும்மா எழுந்து வரக் கூச்சமாக இருந்தது. தட்டில் 100 ரூபாயும் வைத்தேன். வெளியே வந்ததும், "சர்வீஸ் சார்ஜ் கட்டியபிறகு எதற்கு இந்த 100 ரூபாய்?" என்று மனைவி பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் இருக்கும் மச்சானோ, 20 சதவீதம் வைக்காவிட்டால் அநாகரிகம் என்கிறார். யார் சொல்வது சரி? எங்கே, எவ்வளவு வைக்கவேண்டும்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், புளியரை

பதில்: மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் 100 ரூபாயை விட்டுவிட்டு வேறொரு தொகைக்காக அவர் உங்களைத் திட்டியிருக்கவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 2,400 ரூபாய்க்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 120. நீங்கள் கட்டவேண்டியது 2,520. அவர்கள் 240 ரூபாய் சர்வீஸ் சார்ஜை ஏற்றி, அந்த மொத்தத்துக்கும் வரி போட்டதால் வரி 132 ஆகிவிட்டது. ஆக, 252 ரூபாய் உங்களைக் கேட்காமலே போயிற்று. நீங்கள் கொடுக்காத டிப்ஸுக்கு 12 ரூபாய் வரியும் கட்டியிருக்கிறீர்கள்!

புளியரை மாதிரி கேரள எல்லைப்பக்கத்து ஆட்களுக்கு நோக்குக்கூலி பற்றி விளக்கவேண்டாம். நம் சாமானை நாமே இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கூலி. கேரள அரசு 2018 மே 1 முதல் அதற்குத் தடை போட்டது. சர்வீஸ் சார்ஜ் என்பது ஏ.சி. போட்ட நோக்குக்கூலி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே சொல்லிவிட்டது: பில்லில் தானாக ஏற்றக்கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக்கூடாது, சாப்பாட்டுத் தொகையோடு சேர்த்து அதற்கு ஜி.எஸ்.டி. போடவும் கூடாது. ஓட்டல்காரர்களின் சங்கங்கள் வழக்குப் போட்டு, அந்த மாதமே தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வழக்குகளைத் தள்ளிவிட்டது. அடுத்த தடவை பில்லைக் கையில் வாங்கியதும், "இதை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். குரலை உயர்த்தவேண்டாம். எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். பெரும்பாலும் நம்பரைச் சொன்னாலே போதும், புது பில் வந்துவிடும்.

சரி, அந்த 100 ரூபாய்க்கு வருகிறேன். கூச்சத்தால் வைத்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம்மில் பாதிப்பேர் டிப்ஸ் வைப்பது அதற்குத்தான். குளிர்சாதன அறை, இஸ்திரி போட்ட சட்டை, "சார்" என்ற குரல், இதெல்லாம் சேர்ந்தால் கை தானாகப் பர்ஸுக்குப் போகிறது. அதே கை பார்டரில் பரோட்டா தின்றுவிட்டு என்ன செய்கிறது?

புளியரைக்காரருக்குப் பிரானூர் பார்டரை நான் அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காக: செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. செங்கோட்டையை ஒட்டிய பிரானூரில் இருந்த எல்லை அன்றோடு மலைப்பக்கம் கோட்டைவாசலுக்கு ஏறிப்போனது. 'பார்டர்' என்ற பெயர் மட்டும் பரோட்டாக் கடைகளோடு பிரானூரில் தங்கிவிட்டது. குற்றாலச் சீசனில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அங்கே போய் ஒரு சப்ளையரை மட்டும் கவனியுங்கள். வேனில் பதினெட்டுப் பேர் இறங்குவார்கள், தலை துவட்டாமல். இலை போட்டு முடிப்பதற்குள் ஒருவர் சால்னா கேட்பார், ஒருவர் வெங்காயம், இன்னொருவர் பரோட்டாவைப் பிய்த்துப் போடச் சொல்வார். குழந்தை தண்ணீரைக் கொட்டும். அந்த ஆள் எதையும் எழுதிக்கொள்ளமாட்டார். கடைசியில் கல்லாவைப் பார்த்து ஒரே மூச்சில் கணக்கைச் சொல்வார், ஒரு ஆம்லெட்கூட விட்டுப்போகாது. பதினெட்டுப் பேரும் பங்கு பிரித்துக் காசு கொடுப்பார்கள். மற்றவன் வைத்திருப்பான் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டு வேனில் ஏறிவிடுவான். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். நாம் தலைகீழாகக் கொடுக்கிறோம்.

அதனால் என் கணக்கு சதவீதக் கணக்கு இல்லை. சாயாக்கடையில் ஒரு சாயாவுக்கும் ஒரு பழம்பொரிக்கும் டிப்ஸ் கிடையாது. அங்கே சாயா ஆற்றுவதே பெரும்பாலும் கடைக்காரர்தான், அவருக்குக் காசு நீட்டினால் முறைப்பார். உட்கார்ந்து குடும்பமாகச் சாப்பிட்டால் இருபதோ ஐம்பதோ. கூட்டமாகப் போய் மேசையை நாசம் பண்ணினால், அல்லது ஷட்டர் இறக்கும் நேரத்தில் போய் நின்றால், அதற்கு மேல். சாப்பாடு லேட்டானால் சப்ளையர் மேல் கோபப்படாதீர்கள், அது அடுக்களைக் குற்றம். சாம்பாரில் உப்பு கூடினால் மாஸ்டர் குற்றம். முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டைத் தூக்கிப்போட்டால் மட்டும் ஒன்றும் வைக்கவேண்டாம். ஒரு ரூபாய் வைத்துக் குத்திக்காட்டுவது சின்னத்தனம்.

கேரளத்து இந்தியன் காபி ஹவுஸ் கொஞ்சம் வேறு ரகம். வேலை போன காபி போர்டு தொழிலாளர்களை ஏ.கே. கோபாலன் திரட்டி உருவாக்கிய கூட்டுறவு அது. கேரளத்தில் முதல் கடை திருச்சூரில் 1958இல். விசிறித் தலைப்பாகையோடு கட்லெட் கொண்டுவருகிறவர் முதலாளியின் ஆள் இல்லை, தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆள். அங்கே நான் மிச்சச் சில்லறையை விட்டுவிட்டு வருவதோடு சரி.

மச்சான் அவர் ஊர்க் கணக்கைச் சொல்கிறார், அங்கே அது சரிதான். அமெரிக்க மத்திய சட்டப்படி டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991இலிருந்து அந்தத் தொகை நகரவே இல்லை. டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலரை எட்டாவிட்டால்தான் மீதியை முதலாளி போடவேண்டும். அதைவிட அதிகம் கேட்கும் மாநிலங்களும் உண்டு. அங்கே நீங்கள் வைக்காமல் வந்தால் ஒருவர் சம்பளத்தில் கை வைத்ததுபோல. நம் ஊரில் குறைந்தபட்சக் கூலியில் டிப்ஸைக் கழித்துக்கொள்ள முதலாளிக்கு வழியில்லை. ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்பது வேறு கதை.

அப்புறம், வைக்கிற விதம். சில வருஷத்துக்கு முன் எல்லைப் பக்கம் ஒரு கடையில் சோம்புத் தட்டுக்கு அடியில் பத்து ரூபாயை வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன். கண்ணாடியில் பார்த்தேன்: எனக்குப் பரிமாறிய பையன் வருவதற்குள் சூப்பர்வைசர் தட்டைத் தூக்கி, ஈரநோட்டை உதறி, தன் மேல்சட்டையில் வைத்துக்கொண்டார். பையன் மேசையைத் துடைத்தான். அஸ்ஸாமோ வங்காளமோ, அவனுக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் தெரியாது. உச்சநீதிமன்றம் 2016இல் ஒரு வரி வழக்கில் டிப்ஸ் முதலாளி தரும் சம்பளம் ஆகாது, வாடிக்கையாளர் தருவது என்று சொன்னது. அந்தச் சூப்பர்வைசருக்கு யார் போய்ச் சொல்வது? அன்றிலிருந்து கையில்தான் கொடுக்கிறேன், விஷு அன்று பெரியவர்கள் கையில் காசு வைக்கும் கைநீட்டம் மாதிரி.

இப்போது ஜிபே வந்து அதையும் கெடுத்துவிட்டது. கல்லாவில் ஒட்டியிருக்கும் கட்டத்தை ஸ்கேன் பண்ணி, கூட ஐம்பது போட்டால் அது முதலாளி கணக்குக்குத்தான் போகும். சில்லறையும் மிஞ்சுவதில்லை, தட்டும் காலி. சட்டைப்பையில் இரண்டு இருபது ரூபாய் நோட்டு வைத்துக்கொண்டு சாப்பிடப் போங்கள்.

மச்சான் அடுத்த லீவுக்கு வரும்போது பார்டருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுங்கள். பில் வந்ததும் 20 சதவீதத்தை அவர் கையாலேயே கொடுக்கட்டும்.