இரண்டு கிரவுண்டைச் சேர்க்க வேண்டும், டிஆர்சி விடமாட்டேன் என்கிறது: என்ன செய்வது?

கேள்வி: கிகேடில் (சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருள்) ஒரு சென்சார் போர்டு வரைகிறேன். அனலாக் கிரவுண்டும் டிஜிட்டல் கிரவுண்டும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சேர வேண்டும். ஸ்கீமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) ஒயர் போட்டுச் சேர்த்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்துவிடுகிறது. அங்கே சேர்க்காமல் லேஅவுட்டில் (போர்டு வரைவில்) காப்பர் போட்டு இணைத்தால் டிஆர்சி (போர்டு விதிகளைச் சரிபார்க்கும் சோதனை) ஷார்ட் என்று சொல்கிறது. லேஅவுட் செய்து தருபவர், "அந்த எர்ரரை மட்டும் விலக்கிவிட்டு அனுப்பிவிடலாம்" என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். இதற்கென்றே நெட் டை என்று ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள், ஐந்து நிமிட வேலை.

மென்பொருளுக்கு நெட் (ஒன்றோடொன்று இணைந்த கால்களின் கூட்டம்) என்றால் ஒரு பெயர், அவ்வளவுதான். ஒரே ஒயரில் இரண்டு பெயர் மாட்டினால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடும். அதன் பிறகு லேஅவுட்டில் எல்லாம் ஒரே கிரவுண்ட், எந்த இடத்தில் ஒட்டினாலும் அதற்குச் சம்மதம். நெட் டை என்பது இரண்டு கால் உள்ள ஒரு பொய் உதிரிபாகம். ஸ்கீமேட்டிக்கில் ஒரு காலில் அனலாக் கிரவுண்ட், மறு காலில் டிஜிட்டல் கிரவுண்ட். போர்டில் அது இரண்டு பேடும் (உதிரிபாகத்தின் கால் உட்காரும் காப்பர் துண்டு), நடுவில் அவற்றைச் சேர்க்கும் காப்பரும் மட்டுமே, சால்டர் வைக்க எதுவும் இல்லை. இந்த ஃபுட்பிரின்டுக்குள் (போர்டில் ஒரு உதிரிபாகம் பிடிக்கும் இடத்தின் வரைவு) ஒட்டுவது வேண்டுமென்றே செய்தது என்று டிஆர்சிக்குத் தெரியும். வேறு எங்கே ஒட்டினாலும் கத்தும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

கிகேடில் நெட் டை என்ற பெயரிலேயே லைப்ரரி இருக்கிறது, 0.5 மி.மீ., 2 மி.மீ. என்று பேட் அளவும் கிடைக்கும். இரண்டு கிரவுண்டுக்கும் இடையே ஓடும் மின்னோட்டம் முழுவதும் அந்தக் குறுகிய பாலம் வழியாகத்தான் போகும் என்பதால் சந்தேகம் இருந்தால் பெரியதை எடுங்கள். நீங்களே ஃபுட்பிரின்ட் வரைந்தால், 7ஆம் பதிப்பு முதல் எந்தப் பேடோடு எந்தப் பேட் ஒட்டலாம் என்பதை ஃபுட்பிரின்ட் பண்புகளில் ஒரு குழுவாகக் குறிக்க வேண்டும். அதற்கு முன்னால் கீவேர்டில் "நெட் டை" என்று எழுதி வைத்தால்தான் மென்பொருள் கண்டுகொள்ளும். இவ்வளவு அடிப்படையான ஒரு விஷயத்தை ஒரு சொல்லை நம்பி இத்தனை வருடம் ஓட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் எரிச்சல்தான். ஆல்டியம் என்ற இன்னொரு மென்பொருளில் உதிரிபாகத்தின் வகையையே நெட் டை என்று மாற்றினால் போதும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைலை மாற்றியிருந்தால் இந்தக் குறிப்பு கூடவே வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

நெட் டை போட்ட பிறகு அனலாக் கிரவுண்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று ஈஆர்சி (ஸ்கீமேட்டிக்கைச் சரிபார்க்கும் சோதனை) கேட்கலாம், அங்கே ஒரு பவர் ஃப்ளாக் (மின்சாரம் இங்கே வருகிறது என்று சொல்லும் குறியீடு) வைத்தால் சரியாகிவிடும்.

இப்போது அந்த "விலக்கிவிடலாம்" பேச்சு. இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். டிஆர்சி பட்டியல் காலியாக இருந்தால்தான் பணம் வரும் என்ற அவசரத்தில் இருப்பவர்கள், ஷார்ட் சோதனையையே அணைத்துவிடுவார்கள், இல்லையென்றால் இரண்டு நெட்டுக்கும் ஒரே பெயர் கொடுத்துவிடுவார்கள். என்னிடம் பழுது பார்க்க வந்த ஒரு போர்டில் இரண்டாவதுதான் நடந்திருந்தது. வரைந்தவர் ஒரே இடத்தில் சேர்வதாக நினைத்துக்கொண்டிருந்தார், காப்பரைப் பார்த்தால் ஒன்பது வயாக்களில் (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளைகள்) சேர்ந்திருந்தது. டிஆர்சியில் ஒரு எர்ரர்கூட இல்லை! அதனால் லேஅவுட்டை வெளியே கொடுத்தால் கெர்பரை (தொழிற்சாலைக்கு அனுப்பும் ஃபைல்) மட்டும் வாங்காதீர்கள், மூல ஃபைலையும் வாங்கி உங்கள் கணினியில் நீங்களே டிஆர்சி ஓட்டுங்கள், விலக்கி வைத்த எர்ரர்களையும் காட்டச் சொல்லி.

நெட் டைக்குப் பதில் 0 ஓம் ரெசிஸ்டர் போடலாமே என்பார்கள். போடலாம், முதல் மாதிரியில் கழற்றிப் பார்க்க வசதிதான். ஆனால் பல 0 ஓம் ரெசிஸ்டர்களின் டேட்டாஷீட்டில் அதிகபட்சம் 50 மில்லிஓம் என்றே இருக்கும். கிரவுண்டில் அது எனக்குப் பிடிப்பதில்லை.

கிரவுண்டைப் பிரிக்காத போர்டிலும் நெட் டை கட்டாயம் தேவைப்படுகிற ஒரு இடம் உண்டு: மின்னோட்டம் அளக்கும் ஷன்ட் (தடை மிகக் குறைந்த ஒரு ரெசிஸ்டர்). 1 மில்லிஓம் ஷன்ட்டில் 10 ஆம்பியர் போனால் கிடைப்பது வெறும் 10 மில்லிவோல்ட். சாதாரண 35 மைக்ரான் காப்பரில் அகலமும் நீளமும் சமமான ஒரு சதுரத் துண்டின் தடை சுமார் அரை மில்லிஓம். அளக்கும் டிராக், ஷன்ட் பேடில் தொடாமல் இரண்டு சதுரம் தள்ளிப் பெரிய காப்பரில் தொட்டால், இன்னொரு ஷன்ட்டைத் தொடரில் சேர்த்த மாதிரி, காட்டும் அளவு இரட்டிப்பாகிவிடும். அளக்கும் டிராக்கும் பெரிய காப்பரும் ஒரே நெட்டாக இருந்தால் மென்பொருள் இதைத் தடுக்கவே தடுக்காது, பக்கத்தில் கிடைத்த காப்பரில் ஒட்டி முடித்துவிடும். அளக்கும் டிராக்குக்குத் தனி நெட் பெயர் கொடுத்து, ஷன்ட் பேடிலேயே நெட் டை வைத்தால், வேறு எங்கே தொட்டாலும் டிஆர்சி பிடித்துவிடும்.

கடைசியாக போர்டு தயாரிப்பு. கெர்பரில் நெட் பெயரைப் பார்க்காவிட்டால் அவர்களுக்கு அது ஒரே காப்பர், கேள்வி வராது. ஐபிசி 356 நெட்லிஸ்டும் (எது எதோடு சேர வேண்டும் என்ற பட்டியல்) சேர்த்து அனுப்பினால், இரண்டு நெட் ஒட்டியிருக்கிறது என்று அவர்கள் சோதனையில் வரும். "எந்த நெட் டை, எந்த இரண்டு நெட், வேண்டுமென்றே செய்தது, வெட்ட வேண்டாம்" என்று ஒரு குறிப்பை ஆர்டரோடு வையுங்கள். இடைத்தரகர் வழியாக ஆர்டர் போட்டால் அந்தக் குறிப்பு தொழிற்சாலைக்குப் போனதா என்று கேட்டு வாங்குங்கள், வழியில் தொலைவது அதுதான். உதிரிபாகப் பட்டியலிலிருந்தும் பொருத்தும் ஃபைலிலிருந்தும் நெட் டையை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் அசெம்ப்ளி ஆள் இல்லாத பாகத்தைத் தேடி உங்களுக்கு மெயில் போடுவார்.